சாமை மில்லில் ஒரு சுவிஸ் கடிகாரம்

காலை 6.20. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து வெள்ளிமலை பஸ் புறப்பட்டது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் நான்கு ஸ்குரூ டிரைவர், இரண்டு இடுக்கி, கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ், நீல நிறத்தில் ஒரு சின்ன மின்சாரப் பெட்டி, ஆறாம் வகுப்பு காந்தப் பாடத்துக்காக என் மகளுக்கு வாங்கிய திசைகாட்டி. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தூரம் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர்.

நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து கண்டக்டர் நின்றார். “இன்னா பாய், நகையா? மேல வைங்க. மடியில கனம் இருந்தாதான் வழியில பயம்.”

ஸ்குரூ டிரைவர்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பிள்ளைகளே, என் கனம் மடியில் இல்லை. அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதற்கு மலையேறினேன் என்று உங்களுக்குப் புரியும். இருபத்திரண்டு வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன். போன மாதம் ஞானசேகரன் சார் என்பவர் ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வெள்ளிமலையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, சாமை, தினை உடைத்துக் கொடுக்கும் மில் நடத்துகிறார். அவருடையது சுவிட்சர்லாந்தில் செய்த சாவிக் கடிகாரம். பேட்டரி கிடையாது. அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு கார் வாங்கலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் வேகமாக ஓடுகிறது என்றார். சென்னையில் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும், நீங்களே பாருங்கள் பாய் என்றார்.

அப்படிப்பட்ட ஒன்றை என் ஆயுளில் அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். கழுவி, எண்ணெய் போட்டு, வழக்கம்போல மின்சாரப் பெட்டியிலும் ஒரு தடவை காட்டி மூடினேன். கடையில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தேன். ஒரு நொடி இரண்டு நொடிக்கு மேல் பிசகவில்லை. பழைய எண்ணெய்தான் காரணம் என்று முடிவு கட்டிக் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது. மறுபடியும் ஒரு மணி நேரம் வேகம். அவர் கோபப்படவில்லை. “நீங்க தொறக்கும்போது எதுனா பட்டுச்சா பாய்?” என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கடிகாரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள் கம்பி இருக்கிறது. ஹேர் ஸ்பிரிங் என்போம். இடுக்கி கொஞ்சம் பட்டாலும் வளைந்துவிடும். வேறு கம்பி இங்கே எங்கும் கிடைக்காது. நான்தான் அதைக் கெடுத்துவிட்டேனா என்பதுதான் நான் சுமந்துகொண்டு போன கேள்வி. அங்கேயே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

6.55. கச்சிராயபாளையம். பஸ் பத்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய். அதைத் தாண்டினால் கோமுகி அணை. மாசி மாதம், தண்ணீர் பாதிக்கு இருந்தது. அணைக்குப் பிறகு மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரனை நீளமாக அடித்துவிட்டுத்தான் திருப்புவார். எதிரே கடுக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று உரசாமல் ஒதுங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பெரியார் அருவியில் நூலாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பாருங்கள் என்றார். பார்த்தேன். மனசு அதில் நிற்கவில்லை.

8.15. வெள்ளிமலை. இறங்கியதும் காதில் குளிர். கடைத்தெருவைத் தாண்டி அரை கிலோமீட்டர் நடந்தால் தகரக் கூரை போட்ட மில். வாசலில் சாக்கில் புளியம்பழம் காய்ந்தது. ஞானசேகரன் சார் கைலியும் பனியனுமாக வந்து கைகொடுத்தார். சல்லடைக்குப் பக்கத்தில் சின்னப்பொண்ணு என்ற அம்மா, அந்த மலைக்காரர், முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் மேசையைத் துடைத்து, வெள்ளைத்தாள் விரித்து, பிஸ்மில்லா சொல்லி, பின்மூடியைத் திறந்தேன். லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். சுருள் கம்பியின் இரண்டு சுற்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊஞ்சல் கயிற்றைப் பாதியில் முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? கயிறு குட்டையாகி ஊஞ்சல் படபடவென்று ஆடும். கம்பி ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான், கடிகாரம் வேகமாக ஓடும். ஒட்டுவதற்கு மூன்று காரணம் உண்டு: எண்ணெய் பட்டிருக்கலாம், கம்பி வளைந்திருக்கலாம், காந்தம் ஏறியிருக்கலாம். எண்ணெய் இல்லை, அது கண்ணுக்கே தெரிந்தது. மீதி இரண்டில் ஒன்று என் தப்பு.

திசைகாட்டியை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தேன். வடக்கே பார்த்துக்கொண்டிருந்த முள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தது.

காந்தம். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, ஆனால் அது முழு மூச்சில்லை. காந்தத்தை எடுத்த பிறகும் கம்பி விரியாவிட்டால், வளைந்துதான் இருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தை எடுக்கிற அந்த நீலப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். நான் பிளக்கைச் சொருகுவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. பன்னிரண்டுக்குத்தான் வரும் என்றார் சார்.

மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அதில் நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் யாரும் அதன் உள்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முகத்தில் எண்ணே கிடையாது. தேதி கிடையாது, விளக்கு கிடையாது. பன்னிரண்டு கோடு, இரண்டு பெரிய முள், கீழே ஒரு குட்டி நொடிமுள், அவ்வளவுதான். என் கடையில் முந்நூறு ரூபாய் வாட்ச்சே கிழமையெல்லாம் காட்டும், இவ்வளவு காசுக்கு இதுதானா என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நிமிட முள்ளின் நுனியைக் கவனித்தேன். அது கோடு வரைக்கும் நீண்டு, கடைசியில் ஒரு மயிரிழை கீழே வளைந்து கோட்டைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. சாய்ந்து பார்த்தாலும் நிமிடம் பிசகாமல் தெரிய வேண்டும் என்று ஒருவர் அந்த நுனியைக் கையால் வளைத்திருக்கிறார்.

உள்ளே இன்னும் அதிசயம். மூடி போட்டால் யார் கண்ணிலும் படாத தகடுகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் சரிவாகச் சீவிக் கண்ணாடி மாதிரி தேய்த்திருக்கிறார்கள். உள்மூலைகள் கத்திமுனை போலக் கூர்மை. அதை மெஷின் செய்யாது, ஒரு காட்டுச்செடியின் தண்டை வைத்துக் கையாலேயே தேய்ப்பார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஸ்குரூக்கள் நீலமாக இருக்கும். பெயின்ட் இல்லை, தீயில் பதமாகக் காய்ச்சினால் எஃகு அந்த நிறத்துக்கு வரும். பணக்காரர் பெருமைக்குச் செய்கிற வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

அவர் லென்ஸைக் கேட்டு வாங்கிக் கண்ணில் மாட்டினார். தகட்டைப் பார்க்கவில்லை. ஸ்குரூத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எஞ்சினியர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஸ்குரூ டிரைவர் வழுக்கியிருந்தால், இடுக்கி தவறியிருந்தால், அந்தக் கண்ணாடிப் பாலிஷில் ஒரு கீறலாவது இருக்கும். மட்டமான தகட்டில் நூறு கீறலோடு நூற்றியொன்றாக மறைந்துவிடும். இதில் மறையாது.

ஆறு ஸ்குரூவையும் பார்த்து முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“நீங்க கைய வெச்ச எடமே தெர்ல பாய்,” என்றார். “நான் கேட்டது தப்பு.”

தப்பில்லை சார், கேட்கத்தான் வேண்டும் என்றேன். அந்தப் பாலிஷ் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைத் திறக்கப் போகிறவன் யாரென்று செய்தவருக்குத் தெரியாது. ஆனால் எவனோ ஒருவன் திறப்பான் என்று தெரியும். அவன் பதறாமல் கைவைக்க வேண்டும், பதறினால் மறைக்க முடியாது. அதற்காகத்தான் அந்த மினுக்கு. கள்ளக்குறிச்சியில் ஒருவன் திறப்பான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் என்னையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்.

12.10. கரண்ட் வந்தது. கடிகாரத்தைப் பெட்டிமேல் பிடித்து, பொத்தானை அழுத்தி, கையை மெதுவாகத் தூரமாக இழுத்தேன். லென்ஸில் பார்த்தேன். சுருள் விரிந்திருந்தது. ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக, மூச்சு வாங்குகிற மாதிரி விரிந்து சுருங்கியது. கம்பி வளையவில்லை. நான் எதையும் கெடுக்கவில்லை. பின்மூடியைப் பொருத்தி இறுக்கினேன்.

சார் கையில் கட்டிக்கொள்ள எடுத்தார். இருங்கள் என்றேன். முதல் தடவையும் கடையில் இந்தப் பெட்டியில் காட்டியதால்தான் சரியாயிற்று. காந்தம் எங்கிருந்து ஏறுகிறது என்று தெரியாமல் கட்டினால், நாலு நாளில் மறுபடியும் போன் வரும்.

திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மில்லைச் சுற்றினேன். மோட்டாரிடம் போனேன், போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் போனேன், கட்டில் தலைமாட்டுக்குப் போனேன். மோட்டாரிடம் மட்டும் முள் ஆடியது, ஆனால் அதன் பக்கத்தில் கைவைப்பதே இல்லை என்றார் சார்.

சின்னப்பொண்ணு முறத்தை நிறுத்தினார். “தொழுவுற பக்கம் அதோ அந்தச் செவுரு பாய். போன வாரம் சாமை வாங்க வந்த பாய் அங்கதான் நின்னாரு. இன்னாத்துக்கு சுத்திகினு கீறீங்க?”

சிரித்துவிட்டு, தொழத் திசை தேடவில்லை, காந்தம் தேடுகிறேன் என்றேன்.

“அத என்னக் கேட்டா நானே சொல்லியிருப்பேன். மெஷின் வாயில பட்டையா வெச்சிக்கிதே, ஆணி புடிக்கிற கல்லு. காலைல மொத வேலையா சாரு அதுமேல கைய வுட்டுத்தான் ஆணி பொறுக்குவாரு. நான் பொறுக்குறேன்னா வுட மாட்டாரு.”

சாமை கொட்டுகிற தொட்டியின் வாயில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டை. மூட்டையோடு வரும் ஆணி, கம்பித்துண்டு மெஷினுக்குள் போகாமல் பிடித்துக்கொள்ள வைத்தது. திசைகாட்டியை ஒரு அடி தூரத்தில் கொண்டுபோனதுமே முள் துடித்தது. இதை எப்போது வைத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று மாதம் என்றார் சார். கடிகாரம் வேகமெடுத்ததும் மூன்று மாதமாகத்தான்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “கப்பல்ல ஜெனரேட்டர் ரூமுக்குப் போம்போது மறக்காம கழட்டி வெப்பேன் பாய். முப்பது வருஷம் வெச்சேன். இங்க வந்து, சாமைதானேன்னு இருந்துட்டேன்.”

“இனிமே கல்லு என்னுது,” என்றார் சின்னப்பொண்ணு. “சாரு மணி சொன்னா போதும்.”

3.30. கீழே இறங்கும் பஸ். இறக்கத்தில் அருவி வந்தபோது எழுந்து நின்று பார்த்தேன். காலையில் நூலாகத் தெரிந்தது, இப்போது வெயில் பட்டு இரண்டாகப் பிரிந்து விழுவது தெரிந்தது. இத்தனை லேசாக நான் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து பல நாளாயிற்று. ஆனால் ஒன்று உறுத்தியது. முதல் நாள் சார் கடைக்கு வந்தபோதே, தினமும் இதைக் கட்டிக்கொண்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்தால், இந்தப் பயணமே தேவையில்லை. கடிகாரத்தைத்தான் கேட்டேன், கட்டியிருந்தவரைக் கேட்கவில்லை. மலைக்கும் நம் ஊருக்கும் நான் கண்ட வித்தியாசம் இதுதான். அங்கே சின்னப்பொண்ணு ஒரு ஆளின் கை எங்கே போகிறது என்று பார்த்துவைத்திருக்கிறார். நான் இருபத்திரண்டு வருடமாக லென்ஸுக்குள் மட்டும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா வந்தார். கையில் என் கடையில் வாங்கிய முந்நூறு ரூபாய் வாட்ச். கண்ணாடிக்குள் பனி மூடியிருந்தது. இதோடு மூன்றாவது தடவை. இரண்டு தடவையும் துடைத்து, தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அதைத் திறக்கவில்லை. “அக்கா, இதுல எப்ப மணி பாப்பீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இன்னா பாய் கேள்வி இது? இட்லிப் பானைய தொறக்கும்போதுதான். வெந்துச்சான்னு மூடியத் தூக்கிப் புடிச்சுகினு, கைய ஆவி மேலயே வெச்சுகினு பாப்பேன்.”