எல்லையில் அடித்த மீன் ஹாரன்

எனக்குப் பயம் வந்தால் என் வீடு பளபளவென்று ஆகிவிடும். கொரோனா ஊரடங்கின்போது கோட்டுச்சேரியிலேயே சுத்தமான வீடு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். பெருமை எனக்கில்லை, என் வீட்டுக்காரிக்கு.

நான் மீன் வியாபாரி. பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மொபெட், பின்னால் ஐஸ் பெட்டி, கைப்பிடியில் ஒரு ரப்பர் ஹாரன். அவ்வளவுதான் என் கம்பெனி. காரைக்கால் துறைமுகத்தில் மீன் எடுத்து, பூவம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்துத் தெருக்களில் விற்பேன். எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. பெட்ரோல் போடும்போதும் பாட்டில் வாங்கும்போதும் தவிர அந்த எல்லை எங்கள் நினைப்பிலேயே வராது. ஊரடங்கு வந்ததும் ரோட்டின் குறுக்கே தடுப்புக் கட்டை போட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் சிவப்புத் தொப்பி போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு போலீஸ்.

வியாபாரம் நின்றதுகூடப் பெரிதில்லை. என் ஒரே மகள் அந்தப் பக்கம் புகுந்த வீட்டில் மாட்டிக்கொண்டாள். நிறைமாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று கல்யாணப் பேச்சிலேயே முடிவான விஷயம். அழைத்துவர நாள் குறித்திருந்தோம், அதற்குள் கட்டை விழுந்துவிட்டது. எல்லை தாண்ட மாப்பிள்ளை செல்போனில் பாஸ் கேட்பார், கிடையாது என்று வரும். மறுபடி கேட்பார், மறுபடி கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தவன். அதாவது, மூன்றாம் வகுப்பின் வாசல்வரை போனவன். ஆனால் நாள் முழுக்க டிவி நியூஸ் பார்த்து அரை டாக்டராகிவிட்டேன். வெண்டைக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைக்குச் சாம்பார் நுரைத்தது. வீட்டுக்காரி வந்து ரிமோட்டைப் பிடுங்கினாள்.

"ஏங்க, பயம் வந்தா என்னா பண்ணுவீங்க?"

"பயப்படுவேன்."

"இனிமே பயம் வந்தா ஒரு வேலைய எடுங்க. அது முடியிற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது."

பாஸ் கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னால் தேங்காய் உரித்தேன். பக்கத்துத் தெருவை அடைத்துவிட்டார்கள் என்றால் கிணற்றடிப் பாசியைத் தேய்த்தேன். "காலு வீங்கியிருக்குப்பா" என்று மகள் சொன்ன அன்றைக்குக் கூடத்து ஃபேனையே கழற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டால் 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு புகை.

"பயம் போயிடுச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"போயிடுச்சு. ஃபேனும் போயிடுச்சு."

மறுநாள் கொல்லைப்பக்கம் போனால், நான் காலையில் தேய்த்துக் கவிழ்த்த அண்டாவை அவள் திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் தேச்சதுடி."

"தெரியும்" என்றாள். தலை நிமிரவில்லை.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூடியை எடுத்துத் தேய்த்தேன். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

போன் அடித்தது அப்போதுதான். "மாமா! பாஸ் வந்துடுச்சு! கெளம்பிட்டோம், எல்லைக்கு வந்துடுங்க!"

நான் துள்ளிய துள்ளலில் அண்டா உருண்டு போய் வேலியில் முட்டியது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைப் பின்னாலேயே வரச்சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தேன். ஐஸ் பெட்டியை இறக்கக்கூட நேரமில்லை. வீட்டுக்காரி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்பாரியில் வருகிற மகாராணி மாதிரிதான் எல்லைக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே காய்கறி லாரிகள் வரிசையாக நின்றன. மகள் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை. எங்கள் போலீஸ்காரரிடம் கெஞ்சினேன்.

"பாஸ் அவங்களுக்கு வந்திருக்கும்யா. எங்களுக்குத் தகவல் வரலியே. ஆபீஸர் வரட்டும்."

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் போன் போட்டேன், இரண்டு பேருமே எடுக்கவில்லை. கொளுத்துகிற வெயில். செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையில் இருந்தது ஹாரன்தான். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினேன். பாம்! பாம்! பாம்!

மகள் வரவில்லை. எதிர்ப்பக்கத் தெருவே வந்தது!

"மீன்காரரு வந்துட்டாருடி!" கையில் சட்டியோடு பெண்கள், அவர்கள் காலுக்கிடையில் பூனைகள். எல்லாம் என் வாடிக்கை. மீன் கண்ணில் பட்டுப் பல நாளாகியிருந்தது.

"அண்ணே, சங்கரா மீனு இருக்கா?"

"யோவ், யாருய்யா ஹாரன் அடிச்சது?" என்று போலீஸ்காரர் கத்தினார். என் வீட்டுக்காரி யோசிக்காமல் என்னைக் கைகாட்டினாள்.

"மீன் இல்லக்கா!" என்று நான் கட்டைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "எம்பொண்ணு அங்க எங்கயோ நிக்கிறா. நெறமாசம்!"

கூட்டத்தில் ஒரு அக்கா இருந்தார். என்னிடம் ஒருநாளும் சொன்ன விலைக்கு மீன் வாங்காதவர். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரிகளுக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் என் மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்.

"ஏன் சார், உள்ள இருக்கிற புள்ள ஒங்க ஆபீஸரு வர்ற வரைக்கும் காத்திருக்குமா?"

"மொதல்ல எல்லாரும் தள்ளி நில்லுங்கம்மா! கும்பல் கூடக்கூடாது!"

"இவள விடுங்க, நாங்க தள்ளிப் போறோம். விடலன்னா இங்கதான் நிப்போம்."

அந்த அக்காவின் பேரத்தில் நானே எத்தனையோ தடவை தோற்றவன். பாவம், போலீஸ்காரர் எம்மாத்திரம்? ஆபீஸருக்குப் போன் போட்டார். "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார். மகள் நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள். கட்டை மேலே எழும்பியது.

பாஸ் மகளுக்கு மட்டும்தான் என்பதால் மாப்பிள்ளை அந்தப் பக்கமே நின்று கையாட்ட, அவள் மெதுவாக நடந்து வந்தாள். என் வீட்டுக்காரி ஐஸ் பெட்டியிலிருந்து குதித்த வேகத்தை நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. மகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மகள் அம்மா தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நெசமாவே மீன் கொண்டாரலியா?"

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, ஃபேன் ஓடலியே?"

"ஒங்கப்பாவுக்கு பயம் வந்துச்சு" என்றாள் என் வீட்டுக்காரி. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைகள் மூடியிருந்ததால் பேத்தி பிறக்கிறவரை ஃபேனைச் சரிசெய்ய முடியவில்லை. ஐஸ் பெட்டி மூடியை எடுத்து நானேதான் விசிறினேன். மீன் வாடை அடிக்கிறது என்று மகள் மூக்கைப் பொத்தினாள். கை வலித்தாலும் நான் நிறுத்தவில்லை. அது மட்டும் சத்தியமாகப் பயத்தில் செய்த வேலை இல்லை.