வெள்ளிக்கிழமை சாமான் வாங்க வராதவர்

என் தங்கை சிரிக்க ஆரம்பித்ததை முதலில் கவனித்தது என் மனைவிதான். விருத்தாசலம் செராமிக் யூனிட் ஒன்றில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை தங்கைக்கு. நாளெல்லாம் குனிந்தே இருந்துவிட்டு ஆறு மணிக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் மாடிப்படியில் நின்று போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறாள் என்று மனைவி வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காரணம் உண்டு. அவளுடைய முதல் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தவன் நான். குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், போனிலேயே நாலு பேரிடம் விசாரித்து, பெரிய மனிதன் மாதிரி முடித்து வைத்தேன். மூன்றே வருஷத்தில் தலாக் வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அதற்காக ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவளைச் சிரிக்க வைத்தவர் மறுமணத்துக்கான ஏதோ ஓர் இணையதளத்தில் பழக்கமானவராம். குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர். பூர்வீகம் நாகூர், வளர்ந்தது லண்டன். மனைவி மவுத்தாகிவிட்டார், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. போட்டோவில் டையும் கோட்டுமாக ஆள் ஜம்மென்று இருந்தான். அவன் அனுப்பியதை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். "என் இதயத்தின் மகாராணியே, நீங்கள் உங்கள் மதிய உணவை உட்கொண்டீர்களா?" எனக்குப் பகீரென்றது. எந்த நாகூர்க்காரன் இப்படிக் கேட்பான்?

"லண்டன்ல வளந்தவருங்க அண்ணே. தமிழு அப்படித்தான் வரும்" என்றாள்.

வீடியோவில் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். எண்ணெய் எடுக்கிற இடத்தில் கேமரா கூடாதாம். லீவு நாளில் வரலாமே என்றேன். அவருக்கு லீவே இல்லையாம். நான் என்ன கேட்டாலும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில்களையெல்லாம் அவன் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நிக்காஹுக்காக அடுத்த மாதம் வரவிருந்தவருக்குத் திடீரென்று சிக்கலாம். வேலையிடத்தில் மெஷின் உடைந்து, கம்பெனி அவர் பணத்தை முடக்கிவிட்டதாம். அபராதம் கட்டினால்தான் ஊருக்கு விடுவார்களாம். தங்கை தன் ஒன்பது பவுனை அடகு வைத்து அனுப்பப் போகிறாள். முதல் மாப்பிள்ளை வீட்டோடு ஜமாஅத்தில் மல்லுக்கட்டி நான் மீட்டுக் கொடுத்த நகை அது. அவளுக்கென்று இருந்ததே அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ஊருக்கே தெரியும். மாடிக்கு ஓடிப்போய்க் கத்தினேன். அபராதமெல்லாம் கம்பெனிக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள விஷயம், உன் கழுத்துச் சங்கிலியை எவன் கேட்பான், பதினாலு வருஷம் குவைத்தில் கிடந்தவன் சொல்கிறேன், கேள் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க வூட்டு டிரைவரா இருந்தீங்க அண்ணே. அவரு இன்ஜினீயரு. நீங்க பாத்த குவைத்து வேற, அவரு இருக்குற குவைத்து வேற."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. போனைப் பிடுங்கி உடைக்கக் கை ஓங்கினேன், மனைவி தோளைப் பிடித்து இழுத்தாள். உடைத்து என்ன பிரயோஜனம்? என் மேலுள்ள வீம்புக்காகவே மறுநாள் காலையில் அடகுக் கடைக்குப் போய் நிற்பாள். போலீசுக்குப் போகலாமென்றால் இன்னும் எதுவும் பறிபோகவில்லை.

அப்போதுதான் குவைத்தில் எனக்குப் பழக்கமான நல்லூர்க்காரர் ஞாபகத்துக்கு வந்தார். லீவுக்கு வந்திருந்தவர், செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். எங்கள் பக்கத்தில் யார் கிளம்பினாலும் அவர் பெட்டியில் பாதி மற்றவர்கள் வீட்டுச் சாமான்தான். ஊறுகாய், கருவாடு, இடித்த பொடி என்று டேப் சுற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்து விடுவார்கள். போனவர் "சாமான் வந்திருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு அவர் ரூம் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டுக்காக நான் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். டிரைவரும் வருவான், இன்ஜினீயரும் கார் போட்டுக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து வந்ததை வாங்க வராத ஆளை அந்தப் பதினாலு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

தங்கையிடம் போனேன். "நான் பேசுனது தப்பும்மா. அவருக்கு ஒரு பொட்டலம் குடுத்து வுடுவோம். அவரு கைக்குப் போயி சேந்துடுச்சின்னா, நானே ஒன்னக் கூட்டிட்டுப் போயி அடகு வெச்சித் தரேன். வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு நாளாயிற்று அவள் என் கையைப் பிடித்து.

இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டாள். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, நெய்யில் வறுத்த முந்திரி, முறுக்கு. அடுப்பை விட்டு நகரவில்லை. ஊறுகாயை என் உள்ளங்கையில் வைத்து உப்பு பார்க்கச் சொன்னாள். சரியாக இருக்கிறது என்றேன். குழந்தைக்கென்று ஒரு சின்னப் பீங்கான் பொம்மை வாங்கி வந்து, இமை மயிரைக்கூட ஒவ்வொன்றாக எழுதினாள். இல்லாத ஒரு குழந்தைக்கு அவள் அதைப் பஞ்சில் பொதிந்ததைப் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

விஷயம் தெரிந்ததும் அவனிடமிருந்து பதில் வந்தது. சிரமம் வேண்டாம், பார்சலுக்கு ஆகும் செலவையும் அபராதப் பணத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று. அவள் விடவில்லை. கடைசியில், வெள்ளிக்கிழமை தன் டிரைவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றான். அதைக் கேட்டதும் எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. உண்மையிலேயே எவனையாவது அனுப்பி வாங்கிவிட்டால்? நானே வாக்குக் கொடுத்து, நானே அவளை அடகுக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டி வருமே.

வெள்ளிக்கிழமை அங்கே ஜும்மா முடியும்போது இங்கே மணி மூன்றாகப் போகிறது. சமையலறையில் நானும் தங்கையும் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் போனும் அவள் போனும் நடுவில். மூன்றரைக்கு நல்லூர்க்காரரைக் கூப்பிட்டேன். ரெண்டு பேர் வந்து போனார்கள், நம் ஆள் இல்லை என்றார். நாலேகாலுக்கு மறுபடி கூப்பிட்டேன். இன்னும் இல்லை. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். டிராஃபிக்காக இருக்கும் என்றாள். நான் தலையாட்டினேன்.

ஐந்து மணிக்கு நல்லூர்க்காரரே கூப்பிட்டார். "எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க பாய். ஒங்க பொட்டலம் மட்டுந்தான் கெடக்குது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சத்தமாகப் படித்தாள். "என் மகாராணியே, பார்சல் கிடைத்தது. மிகவும் சுவையாக இருந்தது."

படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மெதுவாக என் போனைக் கையில் வாங்கி நல்லூர்க்காரரிடம் கேட்டாள்.

"அண்ணே, பொட்டலம் இப்ப எங்க இருக்குது?"

"என் மடியிலதாம்மா இருக்குது. டேப்புகூடப் பிரிக்கல."

அவள் தன் போனில் ஒரு வரி எழுதினாள். எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டிருந்தாள். உடனே பதில் வந்தது. எல்லாமே பிடித்ததாம், குறிப்பாகக் கேக். அதற்குக் கீழேயே, திங்கட்கிழமைக்குள் அபராதத்தைக் கட்டாவிட்டால் சிறைக்குப் போவேன் என்று இன்னொன்று.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நல்லூர்க்காரரிடம், "நீங்களும் ரூமுல இருக்குறவங்களும் சாப்புடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு என் போனை வைத்தாள். பிறகு தன் போனை எடுத்து அவனுடைய நம்பரைத் தடுத்தாள். ஒன்பது பவுனும் தப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"நான்தான் மொதல்லயே சொன்னனே. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னை நீங்க என்றே கூப்பிட்டவள்.

"தெரிஞ்சிக்கிட்டேதான் ரெண்டு நாளு நான் அடுப்பாண்ட நின்னதப் பாத்துக்கிட்டு இருந்தியா? அந்தப் பொம்மைக்குக் கண்ணு எழுதுனப்பவும் தெரியுமா ஒனக்கு?"

வேறு வழி தெரியவில்லை, நீதான் கேட்கவில்லையே, நகை தப்பியதா இல்லையா என்று சொல்ல எவ்வளவோ இருந்தது.

"அவன் எவனோ ஒருத்தன்" என்றாள். "நீ என் அண்ணன்."