தோல்ஷாப்பில் அத்தா

பல்கலைக்கழக வளாகத்தில் ஓவியக் காட்சியகம் திறந்த அன்று, என் அண்ணன் பிரியாணி தேக்சாக்களை வேனில் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான். விருந்தாளிகளுக்குக் காபியும் பிஸ்கட்டும்தான் கிடைத்தன. நான்தான் காரணம் என்று துறையில் இன்றும் சொல்கிறார்கள். அண்ணனும் அதையேதான் சொல்கிறான்.

நான் அங்கே ஓவிய ஆசிரியை. அண்ணனுக்குப் பேகம்பூரில் பிரியாணிக் கடை. விழாச் சாப்பாட்டை அவனிடம் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

காட்சியகத்தில் நான் வரைந்த படம் ஒன்று இருந்தது. எங்களைப் பெற்ற அத்தா, தோல்ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிறார். உடம்பில் சட்டை இல்லை. கைகள் வெந்து வெளுத்திருக்கின்றன. சின்ன வயதில் சோறு கொண்டு போகும்போது நான் பார்த்த அத்தா அப்படித்தான் இருந்தார். படத்துக்குக் கீழே 'தோல் தொழிலாளி' என்று போடலாம் என்றார் பொறுப்பாளர். சண்டை போட்டு 'என் அத்தா' என்று எழுத வைத்தேன்.

சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குதே, அவ்வளவு தத்ரூபம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாராட்டுகிறாராம். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

"அவரு எங்க அத்தா சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்போதுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் அண்ணன் சர்பத் தட்டோடு நின்றிருந்தான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனான்.

"அத்தாவ இப்பிடி நிறுத்தி ஊரு சிரிக்க வச்சிருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லயா?"

"சிரிச்சவனப் போயிக் கேளு. என்ட்ட ஏன் வார?"

"யாரோ ஒரு ஆளுன்னு எழுதிருந்தா எவனுக்குத் தெரியும்? எம் மகளப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட அத்தா தோல் வியாபாரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அது நீ சொன்ன பொய்யி. அதுக்கு நான் அவருக்குச் சட்டை மாட்டி வரையணுமா?"

"அவரு அந்தத் தொட்டியில நின்னது நம்ம நிக்கக் கூடாதுன்னுதான். நீ திரும்ப அவர அதுலயே எறக்கி விட்டுட்ட."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "படத்தக் கழட்ட மாட்டேன். ஆனதப் பாரு" என்றேன். அவன் நேரே வேனுக்குப் போனான்.

விருந்தினருக்கு மனக்கசப்பாம். மறுவாரம் பொறுப்பாளர் என்னை அழைத்து, எழுத்தை மட்டுமாவது மாற்றலாமே என்றார். படத்தையே கழற்றிக் கொடுங்கள், இடம் வெறுஞ்சுவராகவே கிடக்கட்டும் என்றேன். திறந்த புதிதிலேயே வெறுஞ்சுவரா என்று யோசித்து விட்டுவிட்டார்கள்.

அண்ணன் மகளின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அந்தச் சம்பந்தமேதான். என்னை அழைக்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தை யாரோ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன்.

பிறகு சொந்தத்தில் ஒரு சாவு. அந்த மவுத்து வீட்டு வாசலில் அண்ணனும் நானும் நேருக்கு நேர் வந்துவிட்டோம்.

"இன்னும் அங்கதான் மாட்டிருக்கா?"

"அங்கதான் இருக்கு."

"அப்ப ஒனக்கு அந்தப் படமே போதும். எங்க வீட்டுப் பக்கம் வராத."

"நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஆண்கள் நின்ற பக்கம் போனான். நான் உள்ளே போய் அழுகிற பெண்களோடு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.