பந்து போன பிறகு

எங்கள் மாதா கோயில் கால்பந்து அணிக்கு அந்த வருடம் நான்தான் கீப்பர். வயது முப்பத்தொன்பது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். கோல் போஸ்டுக்கு நடுவில் நிற்க எனக்கிருந்த தகுதி, வேறு யாரும் நிற்கச் சம்மதிக்காததுதான்.

முந்தைய வருடம் பதினாறு பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் போலீஸில் தேர்வாகிப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். ஒருவன் திருப்பூருக்குப் போனான், ஒருவன் துபாய்க்கு. கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்குக் கல்யாணம் ஆகி, ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனார் வீடு என்றாகிவிட்டது. மிஞ்சியவர்களில் பாதிப் பேர் மில் ஷிஃப்டில் கிடப்போம். கேப்டன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். என்னைவிட ஏழு வயது சின்னவன். எங்கள் அணியில் பஞ்சமே வராத பொருள் என்று ஒன்று இருந்தால் அது பேண்டேஜ் துணிதான்.

சுற்றுவட்டாரத்தில் ஆறு அணிகள். ஒவ்வோர் அணியோடும் இரண்டு தடவை, ஆகப் பத்து ஆட்டம், எல்லாம் ஞாயிறு காலையில். நாங்கள் முதல் பூசைக்கு ஜெர்சி மேல் சட்டை போட்டுக்கொண்டு போவோம். பூசை முடிந்ததும் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடுவோம். இடது பக்கம் ஆடும் என் நண்பன் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை, எங்களைப் போல வேதக்காரன் இல்லை. அவனும் வந்து பின்வரிசையில் நின்று, எல்லோரும் முழங்காலிடும்போது அவனும் முழங்காலிடுவான். "வார்ம்-அப் ஆன மாதிரியும் ஆச்சுல்ல" என்பான்.

முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். தேவதானத்துப் பையன்களோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் நான்கு. பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போது எங்கள் ஆட்டத்தின் முடிவையும் சொல்வது பங்குச்சாமியின் வழக்கம். அந்த வாரம் அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "நமது அணியினர் விளையாடினார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஆறு பேர்தான் வந்தோம். ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. இப்படி இரண்டு தடவை ஆனால் லீக்கிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். கேப்டன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கிரவுண்டை நாலு சுற்றுச் சுற்றினான். ஏழாவது ஆள் வரவில்லை. ஒரு தடவை போய்விட்டது.

நான்காவது ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர்கள் கிரவுண்டில். நாங்கள் ஏழே பேர். அவர்களின் ஃபார்வர்டு இருபது வயதுப் பையன். மெலிந்த உடம்பு, குதிரை மாதிரி ஓட்டம். இடைவேளைக்குள் அவன் மட்டும் மூன்று அடித்தான். இரண்டாம் பாதியில் எங்கள் வலையில் ஆறாவது கோல் விழுந்தபோது அவர்கள் பக்கத்து ஆட்கள் கைதட்டக்கூட இல்லை. அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான். அவன் மறுபடியும் தனியாக வந்தான். நான் முன்னால் ஓடினேன். எனக்கு முன்பே அவன் பந்தைத் தட்டிவிட்டான். பந்து என்னைத் தாண்டி வெளியே போவதை நான் பார்த்தேன். நிற்க எனக்கு நேரம் இருந்தது, கொஞ்சம்தான், ஆனாலும் இருந்தது. நான் நிற்கவில்லை. என் முழு உடம்போடு அவன் காலில் போய் விழுந்தேன்.

அவன் கத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சுருண்டுவிட்டான். ரெஃப்ரி எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். கேப்டன் பையிலிருந்த பேண்டேஜ் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவன் காலைச் சுற்றிக் கட்டினான். அவர்கள் அணியில் ஒருவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அஞ்சு வாரத்துல அவனுக்கு ஆர்மி செலக்சன் இருக்குயா. வயசு முடியப்போகுது, இதான் கடைசி. தெரியுமா ஒமக்கு?"

எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன், பந்து போனதை மட்டும் விட்டுவிட்டு. அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க உக்காந்து சோத்தப் பெசஞ்சா அந்தப் புள்ள காலு சரியாயிருமா? அவிய வீட்டுக்குப் போயி மூஞ்சியக் காட்டிட்டு வாங்க."

"அடிச்சாங்கன்னா?"

"வாங்கிட்டு வாங்க."

அவர்கள் வீடு செண்பகத்தோப்பு போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்குள் இருந்தது. பையனின் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கின மீசை, அளந்த பேச்சு. "வாங்க" என்றார். நாற்காலியைக் காட்டினார். பையன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அம்மாதான் பேசினார்.

"ரெண்டு வருசமா விடியக்கருக்கல்ல எந்திரிச்சு ஓடுதான்யா எம்புள்ள. மழை, குளிருன்னு ஒருநா விட்டதில்ல. அவன் கால ஒடிச்சுப்புட்டு வந்து நிக்கீயளே."

"வேணும்னு செய்யலம்மா" என்றேன்.

சொன்னவுடனே நாக்கு கசந்தது. பையன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எலும்பு முறியவில்லை, ஆனால் உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கேன் மதுரையில். நானும் கூட வருகிறேன் என்றேன். அப்பா யோசித்தார். "வாங்க, தூக்கிப் பிடிக்க ஆளு வேணும்" என்றார்.

புதன்கிழமை லீவு போட்டேன். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவனைக் காலை நீட்டி உட்கார வைத்து, நானும் அப்பாவும் மதுரை வரைக்கும் பெரும்பாலும் நின்றுகொண்டே போனோம். ஸ்கேன் எடுத்து முடித்து, ரிப்போர்ட் வாங்க அப்பா கவுண்டருக்குப் போனார். பெஞ்சில் நானும் அவனும் மட்டும். எதிர்ச் சுவரில் ஃபேன் காற்றில் ஒரு காலண்டர் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உன் வீட்ல நான் சொன்னது பொய்" என்றேன். "பந்து போனதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் விழுந்தேன்."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"உங்க கண்ணு பந்து பின்னால போச்சுல்ல, பொறவு என்கிட்ட வந்துச்சு. அதப் பாத்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. சோர்வுதான் இருந்தது. "ஏழு பேர வச்சுக்கிட்டு ஆறு கோலு வாங்குனா எனக்கும் கிறுக்குப் பிடிக்கும். ஆனா இந்தக் காலு போச்சுன்னா, உங்கள மன்னிப்பனான்னு தெரியலண்ணே. இப்ப கேக்காதீய."

நான் கேட்கவில்லை. அப்பா கவரோடு வந்தார். மறுபடியும் ஒரு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தோம். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"கிழியல. இழுபட்டிருக்கு, உள்ள நீர் கோத்திருக்கு. மூணு வாரம் ஓடக்கூடாது. பொறவு மெதுவா ஆரம்பிக்கலாம்."

அப்பா நின்றபடியே கண்ணை மூடித் திறந்தார். வெளியே வந்ததும் மூன்று டீ சொன்னார். அரைப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி, மூன்று வாரம் ஓடாதவன் அதற்கடுத்த இரண்டு வாரத்தில் எப்படி ஓடுவான் என்பது.

இதற்கிடையில் எங்கள் அணி தோற்றுக்கொண்டேதான் இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. கேப்டனே கோலில் நின்று எட்டு வாங்கினான். மறுநாள் சாயங்காலம் தறிக்கூடத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணே, நேத்து சரியா ஏழு பேரு. வார ஞாயிறு ஒருத்தனுக்கு ஷிஃப்டு. நீங்க வரலன்னா ஆறுதான். அதோட நம்ம கதை முடிஞ்சது."

"எனக்கு இனிமே ஆட முடியாதுப்பா."

"ஆட வேணாம். நிக்கீயளா? சும்மா நில்லுங்க, போதும்."

அதனால் நின்றேன். உண்மையிலேயே வெறுமனேதான் நின்றேன். எவனாவது பந்தோடு தனியாக வந்தால் கோட்டை விட்டு என் கால் நகராது. அவன் சாவகாசமாக ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அடிப்பான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு தடவை மட்டும், வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துத் தந்தபடி என் தெலுங்கு நண்பன் கேட்டான், "மாப்ள, தூணு ரெண்டு போதாதுன்னு மூணாவதா நீயும் நிக்கியா?" சிரித்தேன். அடுத்த பந்துக்கும் நகரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், ஷிஃப்டுக்கு முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு செண்பகத்தோப்பு ரோட்டுக்குப் போனேன். இன்னும் முழுசாக விடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். மலைப் பக்கமிருந்து அவன் வந்தான். அப்பா சைக்கிளில் கூடவே வந்தார், கையில் வாட்ச். அவன் ஓடவில்லை, வேகமாக நடந்தான், நடுநடுவே இருபது அடி மெதுவாக ஓடினான். இடது காலை ஊன்றும்போது லேசாகத் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நாள் பூராவும் என் காலில் சுமந்துகொண்டு மில்லுக்குள் நடந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போனேன். ஒளிந்து நின்றதாகத்தான் நினைத்தேன். ஒரு நாள் சைக்கிளை ஓட்டியபடியே அப்பா என் பக்கம் திரும்பாமல் சத்தமாகச் சொன்னார், "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல!" அவன் அப்போது ஓடிக்கொண்டிருந்தான். தயக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

செலக்சன் ஒரு வியாழக்கிழமை, வெளியூரில். அன்று காலை மில்லில் ஒரு மோட்டார் பழுது. கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு எந்த வயர் எது என்று புரியாமல் நின்றேன். கூட வேலை பார்க்கிறவர், "நீ போயி ஒக்காருப்பா, கரண்டுல கைய வச்சுரப் போற" என்று விரட்டிவிட்டார். பத்து மணி வாக்கில் போன் வந்தது. அப்பா.

"ஓடிட்டான்" என்றார். "ஆயிரத்தறுநூறு மீட்டரும் ஓடி, மொதக் கூட்டத்துலயே வந்துட்டான். இப்பத்தான் போன்ல சொன்னான். இனி மெடிக்கலு, எழுத்துப் பரீட்சை எல்லாம் கெடக்கு. அது அவன் பாத்துக்குவான்."

"சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க ஆஸ்பத்திரியில அவன்கிட்ட சொன்னத எங்கிட்டச் சொல்லிட்டான்" என்றார். "அன்னைக்கே சொல்லிட்டான். ஞாயித்துக்கெழம எங்கூருக்கும் உங்களுக்கும் மேட்சாமே. ஒழுங்கா ஆடுங்க."

மில்லுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஐந்து வாரமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. பிறகு போய் மோட்டாரைச் சரிசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிரவுண்டில் கடைசி ஆட்டம். எங்களுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எதிரணி பதினொரு பேர், அந்தப் பையன் இல்லாமல். மருத்துவப் பரிசோதனை முடியும்வரை பந்தைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். ஆனால் பார்க்க வந்திருந்தான், காலில் செருப்போடு, கோட்டுக்கு வெளியே.

இருபதாவது நிமிடம் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் எங்கள் ஆள் ஒருவன் கணுக்கால் புரண்டு வெளியே போனான். ஏழு பேர். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் நின்றுவிடும், இரண்டாவது தடவை, அணியே இருக்காது. கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டான்.

"கோலு அடிக்க வேண்டாம்லே. யாரும் விழாதீங்க. அம்புட்டுத்தான்."

இரண்டாம் பாதி முழுவதும் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டே நின்றான். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் ஆள் ஒருவன் தனியாக வந்தான். என் கால் நகர்ந்தது. நானே எதிர்பார்க்கவில்லை. நாலு எட்டு முன்னால் ஓடி, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாய்ந்து, இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவன் என்னைத் தாண்டிக் குதித்து ஓடினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சூப்பர்ணே!"

விசில் ஊதியபோது ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றிருந்தோம். ஆள் இல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பத்து ஆட்டமும் தோல்வி. ஏழு பேரும் மண்ணில் விழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சிரித்தோம். கேப்டன் மல்லாந்து படுத்து, "பேரு இருக்குலே, பேரு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜெயித்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ரெஃப்ரியிடம் போய் எத்தனைக்கு எத்தனை என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்கள்.

பையன் என்னிடம் வந்தான். மன்னிப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டான். "முழங்கால் சிராச்சிருக்குண்ணே, கழுவுங்க" என்றான்.

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். பாயை விரித்துப் படுத்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.