முதல் பார்வையாளர்

ஆளை நாற்காலியில் உட்கார வைத்ததும் அலர்மேல்மங்கை ஒரு கட்டிப் பனங்கற்கண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்கிறார். அது கரையும்வரை பேச்சுக் கிடையாது. உட்கார்ந்திருப்பவர் பேப்பர் படிக்க வந்த ஓய்வுபெற்ற கண்டக்டராக இருக்கலாம். மழைக்கு ஒதுங்கிய தேங்காய் வியாபாரியாகவும் இருக்கலாம். வேலை ஒன்றுதான். நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, தான் விரும்பும் புத்தகம் அங்கே இருக்கிறதா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். மங்கை பின்னால் நின்று பார்ப்பார். மவுஸைப் பிடித்த கை எங்கே தயங்குகிறது, கண் எங்கே அலைகிறது, எந்த இடத்தில் உதடு பிதுங்குகிறது, எல்லாம் பழைய நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏறும்.

“வாயைத் தொறந்தா சொல்லிக் குடுத்துருவேன். ஊருல உக்காந்து பாக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்க நான் கூடவா போவேன்?” என்பது அவருடைய நியாயம்.

கோரிப்பாளையம் சந்திப்பின் இரைச்சலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் அறக்கட்டளை நூலகம் அது. நாற்பதாயிரம் புத்தகம், நான்கு கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். மங்கை உதவி நூலகர், நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் ஏப்ரலில் வேலை. மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். ஆட்களிடம் பேசுவது மதுரைத் தமிழ். பாதியில் நின்றுபோகும் கம்ப்யூட்டரைத் திட்டுவது மட்டும் வீட்டுப் பேச்சில். ஏன் என்றால், “அதுக்குப் புரிஞ்சுட்டா சங்கடப்படும்ல?” என்பார்.

பக்கத்தை முதலில் செய்து கொடுத்தது ஒரு வெளியூர்க் கம்பெனி. திறந்ததும் வீணை ஒலிக்கும். பிறகு தாமரை ஒன்று இதழ் இதழாக விரியும். அது விரிந்து முடிப்பதற்குள் பிரவுசிங் சென்டரில் கால் மணி நேரம் ஓடிவிடும். புத்தகம் தேடுவதற்கான பொத்தானில் ‘ஓபேக்’ என்று எழுதியிருந்தது. காவலாளி மருதுவை அதன்முன் உட்கார வைத்தபோது, அவர் இரண்டு நிமிடம் கையை அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, “எதை அமுக்குனாலும் கரண்ட் அடிக்கும்போல இருக்கு தாயி” என்று எழுந்துவிட்டார்.

ஒரே வாரத்தில் வீணையும் போயிற்று, தாமரையும் போயிற்று. ‘ஓபேக்’ இருந்த இடத்தில் ‘புத்தகம் இருக்கா?’ என்று வந்தது. பக்கத்திலேயே இன்னொரு பொத்தான்: ‘எனக்கு எடுத்து வைங்க.’ உறுப்பினர் எண்ணைத் தட்டி அதை அமுக்கினால் போதும். புத்தகம் ஒரு வாரத்துக்கு அவர் பேரில் தனியாக இருக்கும். தமிழ் எழுத்துகள் பல கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், மங்கை பொத்தான்களைச் சின்னப் படங்களாக்கிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிப்பட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் பஸ் ஏறிப் போய், அங்குள்ள பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து, பக்கம் திறக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பன்னிரண்டைத் தாண்டினால் ஏதாவதொரு படத்துக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. யாரோ அதிகாரி செக்கிங் வந்திருப்பதாக நினைத்து சென்டர்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, மரியாதை உயரும். வாக்கியத்துக்கு ஒரு ‘சார்’ என்பது இரண்டாகும், மூன்றாகும். அந்த வருஷம் ஆனியிலிருந்து ஆவணிவரை நூலகத்தில் சார்கள் பெருகிக்கொண்டே போயின.

ஆனி மாதமே பக்கம் தயார். ஆனால் திறக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் படமும் ‘விரைவில் திறப்பு விழா’ என்ற வரியும் மட்டுமே தெரிந்தன. மற்றதெல்லாம் உள்ளே, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கிடந்தது. சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்க வேண்டுமாம். அவர் முதலில் வெளிநாடு போயிருந்தார். திரும்பி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் தொடங்குவார்களா? ஆவணி பிறந்தது, அவருக்கு வேறு ஊரில் ஒரு பாலம் திறக்க வேண்டியிருந்தது. திறக்காத பாலத்தையாவது ஓரமாக நடந்து கடந்துவிடலாம்.

செயலாளர் பட்டாபிராமன் கெட்டவர் அல்லர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நான்கு கம்ப்யூட்டர்களும் அவர் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கியவை. ஆனால் பக்கத்தின் அடியில் வருகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது, ஆறு பூஜ்யங்களோடு. அவர் மனம் அந்தப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. “விருந்தினர் அமுக்குறப்போ அங்கே ஒண்ணுன்னு விழணும்மா. முதல் பார்வையாளர் அவர்தான்னு அழைப்பிதழ்லயே போடப்போறேன். அதுவரைக்கும் ஈ, எறும்பு உள்ளே நுழையப்படாது.”

இந்த மூன்று மாதத்தில் எழுமலையிலிருந்து தங்கப்பொண்ணு மூன்று தடவை வந்து போனாள். வீட்டில் முதல் பட்டதாரி. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டிய கணிதப் புத்தகம் நூலகத்தில் ஒரே பிரதிதான். எழுமலையில் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வர வேண்டும். வந்தால் புத்தகம் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை வந்தபோது, முந்தின நாள் திரும்பி வந்த புத்தகம் அன்று காலை ஒன்பதரைக்கு வேறொருவரோடு போயிருந்தது. அவர் பக்கத்துத் தெருக்காரர்; செருப்புக்கூடப் போடாமல் வந்து எடுத்துப் போயிருந்தார். ஒரு ‘இல்லை’யைக் கேட்பதற்காக விடியுமுன் எழுந்து போக வர நான்கு மணி நேரம் பயணம் செய்வது என்னவென்று அந்தச் செருப்பில்லாத கால்களுக்கு எப்படித் தெரியும்?

மங்கை கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். தங்கப்பொண்ணு திரையை எட்டிப் பார்த்தாள்.

“இதுலயே எல்லாம் தெரியுதேக்கா. எங்கூரு சென்டர்ல ஏன் தெரிய மாட்டேங்குது? வெறும் ரிப்பனுதான் வருது.”

“இன்னும் திறப்பு விழா நடக்கலம்மா.”

“நாங்க பாத்தா கண்ணு பட்டுருமாக்கா?”

மங்கை பழைய நோட்டைத் திருப்பி அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

“எங்கம்மா கேக்குது, ‘நீ படிக்கப் போறியா, பஸ்ஸ எண்ணப் போறியா’ன்னு. ஒவ்வொரு தடவையும் களையெடுப்ப விட்டுட்டு வாரேன். பரீட்சைக்கு அஞ்சு வாரந்தேன் இருக்கு. இனிமே விட மாட்டாங்க.” சத்தமில்லாமல் சொன்னாள். தண்ணீர்ப் பாட்டிலைக் குழாயில் நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மங்கை நேரே செயலாளர் அறைக்குப் போனார்.

“சார், பக்கத்தை இன்னைக்குத் திறந்துருவோம் சார். விழாவை எப்ப வேணாலும் வச்சுக்கலாம் சார்.”

“கட்டின வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் பண்ணாம குடிபோவாளாம்மா?”

“குடிபோக வேண்டியவங்க தெருவுல நிக்கிறாங்க சார். மூணு மாசமா நிக்கிறாங்க சார்.”

“அவாளுக்கு என்ன, நேர்ல வந்தா நீயே பாத்துச் சொல்லிடறே.”

“நேர்ல வாரதுக்குப் பதிலாத்தானே சார் அந்தப் பக்கமே! பின்ன எதுக்கு சார் அதைச் செஞ்சோம், ரிப்பன் வெட்டவா சார்?”

“அவசரப்படாதே. பெரிய மனுஷர் வந்து தொட்டாத்தான் நாலு பேருக்குத் தெரியும்.”

“நானூறு பேருக்கு ஏற்கெனவே தெரியும் சார். அவுங்கதான் சார் வந்து வந்து திரும்பிப் போறாங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மங்கை தன் மேசைக்குத் திரும்பினார். பாஸ்வேர்டைத் தட்டினார். ரிப்பன் படத்தை அழித்தார், பூட்டை எடுத்தார். மொத்தம் இரண்டு நிமிட வேலை. மூன்று மாதமாக இரண்டு நிமிட வேலை! பயன்படாமல் கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய நூற்பட்டியல் அட்டைகளின் பின்னால் பக்கத்தின் முகவரியை எழுதி, வந்தவர் கையிலெல்லாம் திணித்தார். எழுமலை பிரவுசிங் சென்டருக்கு போன் போட்டு, “அண்ணே, இனிமே ரிப்பன் வராது. புள்ளைககிட்டச் சொல்லிருங்க” என்றார்.

ஒன்பது நாள் ஓடிற்று. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, செயலாளரின் மைத்துனர் தன் வீட்டிலிருந்து பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு போன் போட்டு, “பிரமாதம் அத்திம்பேர்! நான் இருநூத்துப் பன்னெண்டாவது ஆள்” என்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த அரை மணியில் பட்டாபிராமன் மங்கையின் தோளருகே நின்றார்.

“யாரைக் கேட்டுத் திறந்தே?”

“எப்பத் திறப்பீங்க, எப்பத் திறப்பீங்கன்னு வந்து கேட்டவங்களைக் கேட்டுத்தான் சார்.”

“அந்த எண்ணைப் பூஜ்யமாக்கு.”

மங்கை வாதாடவில்லை. ஆக்கினார். ஆறு பூஜ்யங்களும் வரிசையாக நின்றன. செயலாளர் மூச்சு விட்டார். சரிபார்க்கப் பக்கத்தை மறுபடி வரவழைத்தபோது கடைசிப் பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.

“யாரது?”

“தெரியல சார். வாடிப்பட்டியா இருக்கும் சார்.”

“மறுபடி ஆக்கு.”

ஆக்கினார். மறுபடி வரவழைத்தார். இப்போது மூன்று. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். யாரோ சிரித்தது கேட்டது.

“பூட்டு! மொத்தமாப் பூட்டிடு!”

“உள்ள பத்தொம்பது பேரு புஸ்தகம் எடுத்து வைக்கச் சொல்லிருக்காங்க சார். பூட்டுனா அவுங்களுக்குப் பதில் போகாது சார். நாளைக்குப் பூராப் பேரும் பஸ் ஏறிருவாங்க சார்.”

“மார்ச்சுல கையெழுத்துக்கு என் மேஜைக்குத்தான் வரணும். ஞாபகம் இருக்கட்டும்.”

“நல்லா இருக்கு சார்.”

திரையில் இருபதாவது வரி விழுந்தது. உறுப்பினர் எண் 3186. கணிதப் புத்தகம். எனக்கு எடுத்து வைங்க. அந்தப் புத்தகம் காலையில்தான் திரும்பி வந்து, மங்கையின் கைக்கெட்டும் தூரத்தில் மேசைமேல் கிடந்தது. எண் யாருடையது என்று அவர் பதிவேட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“எழுமலைப் புள்ளை சார்” என்றார். “திரையைப் பூட்டுற இடத்துக்குக் கொண்டாந்துட்டேன் சார். இனி ஒரே ஒரு தட்டுதான் சார்.”

கீபோர்டை மெல்ல நகர்த்திச் செயலாளரின் கைக்கு நேராக வைத்தார். அவர் அமுக்க வேண்டிய பெரிய பொத்தானைச் சுட்டிக் காட்டினார். பிறகு முந்தானை நுனியை எடுத்து, அந்தப் பொத்தானின் மேலிருந்த தூசியை அவருக்காகப் பதமாகத் துடைத்துவிட்டார்.