என் இடது காலுக்கு மூன்று மாதம்

போன வருடம் தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள். பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில் இருக்கிறது நான் வேலை செய்யும் சட்டை கம்பெனி. ஒன்பது வருடமாகத் தினமும் நுழைந்த அதே கேட்டில், அன்று ஊன்றுகோலோடு நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வெளியாட்கள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்து நீட்டினார்.

"யார பாக்கணும்மா?"

"என் மெஷின பாக்கணுங்க," என்றேன். ஒன்பது வருடம் வணக்கம் சொன்ன மனிதர், மூன்று மாதத்தில் என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார். நோட்டில் கையெழுத்துப் போடாமலே உள்ளே போனேன்.

நடந்தது இதுதான். ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம், கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது, நான் இறங்கி முடிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. வலது கணுக்கால் உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். கம்பெனியிலிருந்து ஆர்லிக்ஸ் பாட்டிலோடு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தக்காளி லோடு ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ரெஸ்ட், ரெஸ்ட் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் காலர் தைக்கிறவள். என் கைக்கு என்ன ஆயிற்று?

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் வலது காலால் இப்போதைக்கு எதையும் அழுத்தக் கூடாது என்றும் சேர்த்து எழுதிவிட்டார். தையல் மெஷினின் பெடலை அழுத்துவது வலது கால்தான். அதனால் வீட்டில் மனைப்பலகையின் ஒரு பக்கத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, சோறு வேகிற நேரமெல்லாம் இடது காலால் அதை அழுத்திப் பழகினேன். என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, பலகைக்கு வலிக்கப் போவுது" என்று கிண்டல் செய்தாள்.

மேனேஜர் நல்லவர்தான். அதுதான் தொல்லை. அன்று கேட்டைத் தாண்டி வந்த என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிசிறு வெட்ற டேபிள் இருக்குதில்ல, அங்க உக்காந்துக்கம்மா. கால நீட்டிகிட்டு நிம்மதியா இருக்கலாம்."

தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூல் பிசிறை வெட்டும் மேசை அது. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூலைக்குப் போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நான் முடியாது என்றேன். இடது காலால் தைக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் பதினைந்து வேலை நாள் கொடுத்தார். அதற்குள் மணிக்கு அறுபது காலர் வர வேண்டும், வராவிட்டால் பேசாமல் அந்த மேசைக்குப் போய்விட வேண்டும்.

என் மெஷின் இருக்கும் வரிசைக்குப் போகும் வழியில், மஞ்சள் துணி தலையில் கட்டிய புதுப் பெண்கள் பழைய துணியில் தைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூன்று மாதம் மஞ்சள் துணி. பழகிய பிறகு எங்களைப் போல நீலத் துணி. நான் நீலத்துக்கு மாறி எட்டே முக்கால் வருடம் ஆகியிருந்தது.

மெக்கானிக் அண்ணனிடம் பெடலை இடது பக்கம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதனால வெக்கல," என்றார். ஸ்பேனரை எடுத்தார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவராகவே நூல்கண்டு வரும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, என் வலது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கீழே போட்டார். ஒரு மனிதன், ஒரு ஸ்பேனர், ஒரு அட்டைப்பெட்டி. இதற்குத்தான் மூன்று மாதமாக எல்லோரும் ரெஸ்ட் எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் மெஷின் கயிறு அறுத்த கன்றுக்குட்டி போல ஓடியது. இடது காலுக்கு நிறுத்தத் தெரியவில்லை. காலரைத் தாண்டித் தையல் தோள்பட்டைக்குப் போனது. மணிக்கு இருபத்திரண்டு. தினமும் சாயந்திரம் சூப்பர்வைசர் ஒவ்வொருவரும் மணிக்கு எத்தனை தைத்தோம் என்று எங்கள் நம்பருக்கு நேராகப் பலகையில் எழுதுவார். என் நம்பர் இருபத்தேழு. இருபத்திரண்டு என்று எழுதும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். "பரவால்லக்கா," என்றார். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு ஏறியது. முப்பது, ஆறாவது நாள் முப்பத்தாறு. ஒன்பதாவது நாள் பலகையில் ஐம்பத்தெட்டு. பத்தாவது நாள் அறுபத்தொன்று! அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன். வீட்டுக்காரரை உட்கார வைத்து, "யாரோ சும்மா வூட்ல இருன்னு சொன்னாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டேன். அவர் மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் ஒருவரையும் விட்டுவைக்காமல் பெருமை அடித்தேன்.

பன்னிரண்டாவது நாள் செக்கிங் மேசையிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. எங்களுக்குக் காலர்கள் இருபது இருபதாகக் கட்டி வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். தைத்தவர் அதில் தன் நம்பரை எழுத வேண்டும். வந்த கட்டின் சீட்டில் இருபத்தேழு என்று இருந்தது. காலர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கால் நிக்கலன்னா கை எப்டிக்கா நிக்கும்?" என்றார்.

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தையலைப் பார்த்தால் எங்களுக்கு ஆள் தெரியும். முடிக்கிற இடத்தில் நான் மூன்று தையல் பின்னால் போய் வருவேன். இதில் இரண்டுதான் இருந்தது. அப்படி இரண்டோடு விடுகிறவர், பக்கத்து மெஷினில் உட்காரும் அக்கா. மாரண்டஹள்ளிப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எனக்குக் காலர் பழக்கிவிட்டதே அவர்தான்.

அது அக்கா தைத்தது என்று சொன்னால், இருபத்தேழு என்று ஏன் எழுதினாய் என்று அவர் தோலை உரிப்பார்கள். சொல்லாவிட்டால் என் கதை முடிந்தது. வாயை மூடிக்கொண்டு, கட்டு முழுவதையும் பிரித்து, நானே மறுபடி தைத்துக் கொடுத்தேன். மத்தியானம் கை கழுவும் குழாயடியில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, எத்தன நாளா நடக்குது இது?"

அவர் முதலில் மழுப்பினார். பிறகு, "ஏனம்மா கோவிச்சிக்கற? உனக்காகத்தான் பண்ணோம்," என்றார். அவரும் பின் வரிசை அக்கா ஒருவரும் தங்கள் அறுபதுக்கு மேல் தைத்ததை எல்லாம் என் நம்பரில் எழுதியிருக்கிறார்கள். டீ குடிக்கப் போகாமல் தைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்திலும் பாதி அவசர அவசரமாகத் தைத்திருக்கிறார்கள், அதில்தான் அந்தக் கட்டு சாய்ந்துவிட்டது. அந்த நேரமெல்லாம் நான் ஓய்வறையில் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த அறுபத்தொண்ணுல என்னுது எத்தனக்கா?"

அவர் குழாயை மூடினார். "நாப்பத்தி மூணு இருக்கும் கண்ணு."

எனக்கு அழுகை வந்தது. அது நன்றியில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. கூடவே வெட்கமும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்றே நாளில் அப்படி ஏறுமா என்று உள்ளுக்குள் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டால் போய்விடுமோ என்று கேட்கவில்லை. மைசூர்பாகு வாங்கப் போய்விட்டேன்.

"இன்னும் மூணு நாளுதான். பல்ல கடிச்சிகிட்டு இரு, மெஷின் உன்னுதாயிரும்," என்றார் அக்கா.

"அதுக்கப்புறம்? வருசம் பூரா நீங்க டீ குடிக்காம எனக்குத் தெப்பீங்களா?"

அவர் என் கையில் இருந்த டிபன் பாக்ஸைத் திறந்து, அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போனேன். சூப்பர்வைசரும் அங்கே நின்றிருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"சார், பலகையில இருக்கற அறுபத்தொண்ணு பொய்ங்க. நெசம் நாப்பத்தி மூணு. மீதிய யார் தச்சாங்கன்னு கேக்காதீங்க, கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ அந்த டேபிளுக்குப் போறியாம்மா?"

"போவலீங்க." என் குரல் நடுங்கியது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. "புதுசா ஒரு பொண்ணு வந்தா எத்தன நாள் குடுக்கறீங்க சார்? மூணு மாசம். மொத மாசம் முப்பது வந்தாலே கை தட்டறீங்க. எனக்குப் பதினஞ்சு நாள்ங்கறீங்க. என் கை ஒம்பது வருசம் பழைய கைதான். ஆனா என் இடது காலு இப்பதாங்க வேலைக்குச் சேந்திருக்குது. அதுக்கும் மூணு மாசம் குடுங்க."

சூப்பர்வைசர்தான் குறுக்கே வந்தார். "அப்டீன்னா புதுப் பொண்ணுங்க மாதிரி மஞ்சத்துணி கட்டணும்கா. பரவால்லயா?"

நான் வெட்கப்பட்டு ஓடிவிடுவேன் என்று நினைத்தார். "எங்க இருக்குது, குடுங்க," என்றேன். அந்த அறையிலேயே நீலத்தை அவிழ்த்து மஞ்சளைக் கட்டினேன். மேனேஜர் என் காலைப் பார்த்தார். அது கம்பெனி வேனால் உடைந்த கால் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மூணு மாசம். மெஷின் அங்கயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

நீலம் கட்டிய நூறு பேர் வரிசைகளுக்கு நடுவே நான் ஒருத்தி மஞ்சள் கட்டி, நொண்டிக்கொண்டே என் மெஷினுக்கு நடந்து போனேன். புதுப் பெண்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பக்கத்து மெஷின் அக்கா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் செய்த நல்லதை நான் முகத்தில் எறிந்துவிட்டதாக அவருக்குக் கோபம். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர் டீ குடிக்கப் போனதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் மாத முடிவில் நாற்பத்தொன்பது. இரண்டாவது மாதம் ஒரு வாரம் கால் வீங்கி நாற்பதுக்கு இறங்கியது, பலகையில் அப்படியே எழுதச் சொன்னேன். மூன்றாவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அறுபது வந்தது. சூப்பர்வைசர் எழுதுவதற்கு முன்னாலேயே அக்கா என் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முடிக்கிற இடத்தில் மூன்று தையல் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றிலும் மூன்று இருந்தது. என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அதுதான் சமாதானம்.

இந்த வருடம் இஸ்திரிப் பிரிவில் ஒருவருக்கு நீராவியில் கை வெந்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மேனேஜர் அவருக்குப் பிசிறு வெட்டும் மேசையைக் காட்டவில்லை. மஞ்சள் துணியைக் கொடுத்து என்னிடம் அனுப்பினார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மீச வச்ச ஆளுங்க நானு, இத எப்டிங்க கட்றது?" என்று சங்கடப்பட்டார்.

"கட்டுங்கண்ணா. இது தலையில இருக்கற வரைக்கும் உங்கள ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்க முடியாது," என்றேன். கட்டிக்கொண்டார். மீசை அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

காலில் தகடு இன்னும் இருக்கிறது, மார்கழிக் குளிரில் குத்துகிறது. பெடல் இன்னும் இடது பக்கம்தான். இப்போது சில நாள் மணிக்கு அறுபத்தைந்து கூடத் தைக்கிறேன். ஆனால் யாராவது என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றால், எனக்கு அந்த அறுபத்தைந்து ஞாபகத்துக்கு வருவதில்லை. நடுங்கிக்கொண்டே நின்று நானே வாயைத் திறந்து சொன்ன அந்த நாற்பத்து மூன்றுதான் வருகிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்ந்துகொள்கிறது.