பனி உண்டா

எங்கள் பகுதி திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம். நானும் போயிருந்தேன். பகலில் எங்கள் கொல்லயில் ஊரிலேயே, வீட்டுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் கிடப்பேன். இருட்டினால் வீட்டுக்கு வருவேன். வந்தாலும் இருக்க முடியாது. நாய் குரைத்தால் எழும்பிவிடுவேன்.

அப்போதுதான் மகளுக்குக் காய்ச்சல். பல் முளைக்கிறது, அதனால் இருக்கும் என்று விட்டோம். மூக்கு ஒழுகியது. இருமல். கண் சிவந்து பீளை தள்ளியது. பிறகு காதுக்குப் பின்னால் சிவப்பாகப் பொரிந்தது. மறுநாள் முகம் முழுக்கப் பரவி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"வசூரியாக்கும் மக்கா. மறைச்சு வச்சா ஊரே போவும். நீ விவரத்த செல்லாட்டி நான் செல்லுவேன்."

வசூரி என்றால் பெரியம்மை. ஊருக்கு வெளியே அதற்கென்று ஓலைப்புரை கட்டியிருந்தார்கள். அங்கே தூக்கிக்கொண்டு போன நோயாளிகளில் திரும்பியவர்கள் குறைவு. அக்கா ஆளைக் கூட்டி வருமுன் இது வசூரியா இல்லையா என்று தெரிய வேண்டும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அமரவிளைப் பாலம் கடக்க வேண்டும். பாலத்தில் போலீஸ். மனைவியிடம் பிள்ளையைக் கொடுத்து அனுப்பினேன்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பேறுகாலத்துக்குப் போனவள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். மலையாளம் பிடிபடவில்லை. டாக்டர் இல்லையாம். கம்பவுண்டரோ பிள்ளையைத் தொடவே இல்லையாம். வெறும் சூட்டுக்குரு, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டு என்று அனுப்பிவிட்டாராம். பிள்ளை உடம்போ கொதிக்கிறது. என்ன கேட்டார் என்றேன்.

"பனி உண்டான்னு கேட்டாவ. இந்த வெக்கையில ஏது பனி? இல்லன்னுட்டேன்."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டேன். போலீஸ் நிற்கிறதே என்றாள். நிற்கட்டும் என்றேன்.

பாலத்தில் ஒரு போலீஸ்காரன் தடியைக் குறுக்கே நீட்டினான். ஆஸ்பத்திரிக்கு என்று மலையாளத்தில் சொன்னேன். துணியை விலக்கச் சொன்னான். விலக்கினேன்.

"வசூரியோ?"

"அறிஞ்ஞூடா. அதறியானா போணது." தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்றேன்.

தடி இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை வீசினான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

டாக்டர் இருந்தார். பனி உண்டு, பொரிவதற்கு முன்பே வந்தது என்று அதைத்தான் முதலில் சொன்னேன். பிள்ளையின் வாய்க்குள் பார்த்தார். உள்ளங்கையை விரித்துத் தடவினார்.

"வசூரி அல்ல. அஞ்சாம்பனி."

நாம் மணல்வாரி அம்மை என்பது. நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், குளிப்பாட்டாதே என்றார்.

திரும்பும்போது நல்ல வெயில். பிள்ளை முகத்தை மூடித்தான் நடந்தேன். பாலம் தெரிந்ததும் துணியை விலக்கினேன். அதே போலீஸ்காரன் தூரத்திலேயே அந்த ஓரத்துக்குப் போய்விட்டான்.

வேலியருகே அக்கா நின்றாள். அஞ்சாம்பனி என்றேன்.

"உள்ளதா, நெசமாவா?"

"டாக்டர் வாயாலயே செல்லியாச்சு."

பிறகு தன் பிள்ளைகளை அதட்டி உள்ளே ஓட்டினாள்.

மறுபடி விளைக்குள் போய்ப் படுத்தேன். பிள்ளை இருமுவது அங்கேவரை கேட்டது. கேட்காதபோதுதான் எழும்பி எழும்பி உட்கார்ந்தேன்.